டில்ட், ரிக்லைன் பவர் வீல்சேர்: தொந்தரவு எதுவோ அங்கேர்ந்து ஆரம்பிங்க

எனக்கு கழுத்துல சி6 லெவல்ல, அதாவது முதுகுத்தண்டுல கழுத்துப் பகுதியோட ஆறாவது எலும்புகிட்ட, அடிபட்டு 11 வருஷம் ஆச்சு, அதுல கடைசி 6 வருஷம் டில்ட், ரிக்லைன் ரெண்டும் இருக்கிற பவர் சேர்லதான் என் பொழுது போகுது. சென்னை மடிப்பாக்கத்துல அம்மாவோட இருக்கேன். புதுசா சேர் வாங்கினவங்க, வாங்கலாமான்னு யோசிக்கிறவங்கன்னு மாசம் ரெண்டு மூணு பேராவது போன் பண்ணி ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் பார்த்த வரைக்கும் சேர் ரிப்பேர்னு டெக்னீஷியன கூப்பிடறதுல பாதிக்கு மேல சேர்ல ஒரு ரிப்பேரும் இருக்காது, பட்டன் அமுக்கற வரிசை தப்பா இருக்கும், இல்ல குஷன்ல காத்து போயிருக்கும், இல்ல ஃபுட்ரெஸ்ட் இறங்கியிருக்கும்.

முதல்ல ரெண்டு வார்த்தைய பிரிச்சுக்கோங்க. பிளாஸ்டிக் சேர்ல ஒருத்தர் உக்காந்திருக்கும்போது பின்னாடி நின்னு சேரோட சேர்த்து அவங்கள சாய்ச்சா எப்டி இருக்கும், அதுதான் டில்ட். இடுப்பு மடங்கியிருக்கிறது, முட்டி மடங்கியிருக்கிறது எதுவும் மாறாது, உக்காந்த வாக்குலயே வானத்த பார்ப்பீங்க. ரிக்லைன் ஈஸி சேர் மாதிரி, முதுகு மட்டும் பின்னாடி போகும், இடுப்பு விரிஞ்சுக்கும். ரெண்டும் வேற வேற வேலை. இத கடைக்காரங்க நிறைய பேர் "சாயற சேர்"ன்னு ஒரே பேர்ல விக்கறாங்க, அதனால கேட்டு வாங்கணும்.

சாய்ஞ்சுட்டு எழுந்தா ஒடம்பு முன்னாடி வழுக்கிட்டு வருது

எல்லாருக்கும் முதல் வாரத்துல வர்றது இதுதான். எனக்கும் வந்துச்சு, டீலருக்கு போன் பண்ணி சேர மாத்தித் தாங்கன்னு சண்டையே போட்டேன், அவர் வீட்டுக்கு வந்து நான் பட்டன் அமுக்கறத ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு "மேடம், மொதல்ல டில்ட், அப்புறம்தான் ரிக்லைன்"னாரு.

விஷயம் இவ்ளோதான். நேரா உக்காந்திருக்கும்போது டில்ட் போடாமலே ரிக்லைன் போட்டா முதுகு கீழ இறங்கும், இடுப்புக்கு பின்னாடி தடுக்க ஒண்ணும் இருக்காது, பின்பக்கம் குஷன் மேல தேய்ஞ்சுகிட்டே முன்னாடி நகரும். அந்த தேய்ப்புதான் ஆபத்து, மேல்தோல் குஷனோட ஒட்டிகிட்டு நிக்கும், உள்ள எலும்பு நகரும், நடுவுல இருக்கிற சதை கிழியற மாதிரி இழுபடும், வெளிய ஒண்ணுமே தெரியாது. முதல்ல டில்ட் போட்டா புவியீர்ப்பு உங்கள சீட்டோட பின்னாடி மூலைல உக்கார வெச்சிடும், அதுக்கப்புறம் ரிக்லைன் போட்டா வழுக்காது. திரும்பி வரும்போது அப்டியே தலைகீழ், டில்ட்ல இருக்கும்போதே முதுக முதல்ல நிமித்திட்டு, கடைசிலதான் டில்ட்ட இறக்கணும். போகும்போது டில்ட், ரிக்லைன். வரும்போது ரிக்லைன், டில்ட். எங்கம்மா இத ஒரு பேப்பர்ல எழுதி ஜாய்ஸ்டிக் பக்கத்துல ஒட்டியே வெச்சிருந்தாங்க ஒரு மாசம்.

வரிசை சரியா இருந்தும் வழுக்குதுன்னா, ஃபுட்ரெஸ்ட்ட பாருங்க, பாதம் தொங்கற மாதிரி இறங்கியிருந்தா கால் கனம் இடுப்ப இழுக்கும். சீட் நீளமா இருந்தாலும் வழுக்கும், முட்டிக்கு பின்னாடி ரெண்டு மூணு விரல் நுழையற இடம் இருக்கணும், இல்லன்னா ஒடம்பு தானா முன்னாடி வந்து இடம் பண்ணிக்கும். பெல்ட் வயித்து மேல கட்டியிருந்தா அதால பிரயோஜனம் இல்ல, தொடை இடுப்போட சேர்ற மடிப்புல, கீழ்நோக்கி இழுக்கற மாதிரி வரணும். காலத் தூக்கற மோட்டார் இருக்கிற சேர்னா இன்னொண்ணு, நேரா உக்காந்துகிட்டு கால மட்டும் தூக்காதீங்க, தொடைக்கு பின்னாடி இருக்கிற நரம்பும் தசையும் இழுத்து இடுப்ப முன்னாடி கொண்டு வந்துடும். சாய்ஞ்சதுக்கு அப்புறம் தூக்குங்க.

ஒவ்வொரு தடவை எழுந்ததும் யாராவது உங்கள லேசா முன்னாடி சாய்ச்சு, முதுகு சேர விட்டு ஒரு செகண்ட் வந்துட்டு திரும்ப ஒட்டற மாதிரி பண்ணா சுருண்ட துணி நேராயிடும். நைட்டியும் லுங்கியும் தொடைக்கு அடில கயிறு மாதிரி சுருளும், ஜீன்ஸ் பின் பாக்கெட் தையல் அப்டியே தோல்ல பதியும். நான் பின்னாடி பாக்கெட்டே இல்லாத பேன்ட்தான் தைச்சுக்கறேன், நம்ம தெரு டெய்லரே செஞ்சு தர்றாரு.

டில்ட் எல்லாம் போடறேன், ஆனாலும் பின்னாடி செவந்து போகுது

எவ்ளோ சாய்றீங்கன்னு அளந்து பார்த்திருக்கீங்களா? போன்ல லெவல் பார்க்கற ஆப் இருக்கும், அத சீட்டோட பக்கவாட்டு ஃபிரேம்ல வெச்சு பாருங்க. நிறைய பேர் 15, 20 டிகிரி சாய்ஞ்சுட்டு போதும்னு நினைக்கிறாங்க. அது கழுத்துக்கு ரெஸ்ட், முதுகுக்கு சுகம், ஆனா பின்பக்கத்து எலும்புக்கு கீழ இருக்கிற அழுத்தம் பெருசா குறையாது. 30 டிகிரிக்கு மேல போனாதான் கனம் முதுகுக்கு மாற ஆரம்பிக்கும், 45 கிட்ட போனா நல்லா குறையும், கூட ரிக்லைனும் சேர்ந்தா இன்னும் நல்லது. எனக்கு தெரபிஸ்ட் சொன்னது அரை மணிக்கு ஒரு தடவை, ரெண்டு மூணு நிமிஷம், போன்ல அலாரம் வெச்சிருக்கேன். உங்களுக்கு எவ்ளோன்னு உங்க தெரபிஸ்ட்தான் தோல பார்த்து சொல்லணும். முதல் தடவை 45 டிகிரி போகும்போது பின்னாடி கவுந்துடுவோம்னு பயமா இருக்கும், அந்த பயத்துலயே பாதில நிறுத்தறவங்கதான் அதிகம், ரெண்டு நாள் பின்னாடி ஒருத்தர நிக்க வெச்சு பழகிக்கோங்க.

அடுத்தது குஷன். காத்து குஷன்னா உக்காந்த நிலைல ஒருத்தர் கைய அடில விட்டு, உங்க உக்கார்ற எலும்புக்கும் குஷனுக்கு அடில இருக்கிற சீட் பலகைக்கும் நடுவுல எவ்ளோ இடம்னு பார்க்கணும், அரை இஞ்ச்லேர்ந்து ஒரு இஞ்ச். கைய நுழைக்கவே முடியலன்னா காத்து கம்மி, எலும்பு பலகைல உக்காந்திருக்கு. ரொம்ப காத்து அடிச்சு பந்து மாதிரி இருந்தாலும் தப்பு, எலும்பு மேலயே நிக்கும். சாதா ஃபோம் குஷன்னா ஒரு வருஷத்துல நடுவுல பள்ளம் விழுந்திருக்கும், கைல அமுக்கி பாருங்க.

அப்புறம் "செவந்து போகுது"ங்கற வார்த்தையே நம்ம நிறத்துக்கு சரியா வராது. எல்லா புத்தகத்துலயும் சிவப்பு சிவப்புன்னு போட்டிருக்கும், என் தோல்ல சிவப்பே தெரியாது, சுத்தி இருக்கிற இடத்த விட கொஞ்சம் கருத்து, ஊதா மாதிரி தெரியும், அவ்ளோதான். அதனால அம்மா டெய்லி ராத்திரி புறங்கைய வெச்சு பார்ப்பாங்க, பக்கத்து இடத்த விட சூடா இருக்கா, கல்லு மாதிரி இறுகியிருக்கா, இல்ல கொழகொழன்னு இருக்கா. விரலால அமுக்கி எடுத்தா நிறம் மாறாம அப்டியே இருந்தா அது புண் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அன்னிக்கு அந்த இடத்து மேல உக்காரவே கூடாது, படுக்கைல பக்கவாட்டுல படுத்துடணும், அடுத்த நாளும் போகலன்னா டாக்டர். ஆபீஸ் வேலை இருக்கு, கல்யாணம் இருக்குன்னு ஒரு நாள் தள்ளிப் போட்டதுக்கு ஏழு மாசம் குப்புறப் படுத்தே கிடந்தவங்கள எனக்கு தெரியும். இந்த சேர்ல லட்சக்கணக்குல காச போடறது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான், சாய்ஞ்சு டிவி பார்க்கறதுக்கு இல்ல.

சாய்ஞ்சதும் தலை வெடிக்கற மாதிரி வலி, மூஞ்சியெல்லாம் வேர்க்குது

இது சேர் விஷயம் இல்ல, ஆனா சேர்ல உக்காந்திருக்கும்போது வரும், அதனால இத படிச்சு வீட்ல இருக்கிற எல்லாருக்கும் சொல்லி வைங்க. முதுகுத்தண்டுல டி6லயோ (நெஞ்சுப் பகுதியோட ஆறாவது எலும்பு) அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்கு, உணர்வு இல்லாத இடத்துல ஏதாவது தொந்தரவு இருந்தா பிபி திடீர்னு ஏறிடும். தலைவலி, கழுத்துக்கு மேல வேர்வை, மூக்கடைப்பு, மூஞ்சி சிவந்து போறது. அப்போ பார்க்கிறவங்க மயக்கம்னு நினைச்சு சேர சாய்ச்சுடுவாங்க, அது நேர் எதிர், சாய்ச்சா பிபி இன்னும் ஏறும்.

எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துச்சு. சித்தி பக்கத்துல இருந்தாங்க, "பாப்பாக்கு என்னமோ ஆகுது, படுக்க வை, படுக்க வை"ன்னு கத்தறாங்க, நான் "நிமித்துங்க சித்தி, நிமித்துங்க"ன்னு சொல்ல வாயே வரல. அம்மா ஓடி வந்து நிமித்திட்டு, பெல்ட்ட அவுத்து, யூரின் ட்யூப்ப கையால தடவிகிட்டே போனாங்க, என் வலது தொடைக்கு அடில மடங்கி நசுங்கிக் கிடந்துச்சு, பை காலி, மூத்திரப்பை ஃபுல்லு. அத நேராக்கினதும் ட்யூப்ல சரசரன்னு இறங்கறது தெரிஞ்சுது, அஞ்சு நிமிஷத்துல தலைவலி விட்டுடுச்சு.

ஆக வரிசை: நேரா நிமித்துங்க, கால தொங்க விடுங்க, இறுக்கமா இருக்கிறதெல்லாம் தளர்த்துங்க, ட்யூப்ப பாருங்க, அப்புறம் மலச்சிக்கல், தோல்ல அழுத்தம், கால் நகம் சதைல குத்தறதுன்னு ஒவ்வொண்ணா பாருங்க. பிபி மெஷின் இருந்தா பாருங்க, நம்மள மாதிரி அடிபட்டவங்களுக்கு மேல் அளவு சாதாரணமாவே 90, 100தான் இருக்கும், அதனால 130 காட்டினா நார்மல்னு விட்டுடாதீங்க, உங்க வழக்கத்த விட 20, 30 ஏறினாலே நமக்கு அதிகம். காரணம் கிடைக்கல, குறையலன்னா 108தான்.

ட்யூப் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். கால்ல கட்டற பை வெச்சிருந்தா நல்லா சாயறதுக்கு முன்னாடி காலி பண்ணிடுங்க. சாயும்போது காலு மேல போகும், பை மூத்திரப்பைக்கு மேல வந்துடும், உள்ள இருக்கிறது திரும்ப வரும், அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வருதுன்னு சொல்றவங்க இத ஒரு தடவை யோசிங்க.

ரிக்லைன் போட்டா காலு உதறுது

இடுப்பு விரியும்போது தசை இழுபட்டு ஸ்பாஸம் வர்றது சகஜம். ரிக்லைன குறைச்சு டில்ட்ட அதிகமா வெச்சுக்கோங்க, வேகத்தையும் டெக்னீஷியன்கிட்ட சொல்லி குறைச்சுக்கலாம். ஸ்பாஸம் ரொம்ப இருக்கிறவங்களுக்கு டில்ட் மட்டும் இருக்கிற சேரே போதும், ரெண்டும் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ரிக்லைன் எதுக்கு வேணும்னா சேர்லயே டயபர் மாத்தணும், கதீட்டர் போடணும், இல்ல இடுப்ப நீட்டணும்னா. சாப்பிடும்போது மட்டும் எதுவும் வேண்டாம், நிமிர்ந்து உக்காருங்க, சாய்ஞ்சு ரசம் சாதம் சாப்பிட்டா மூச்சுக்குழாய்ல போயிடும்.

பவர் ஆன் ஆகுது, ஆனா சேர் நகரல

பதறாம இந்த வரிசைல பாருங்க. சார்ஜர் இன்னும் சொருகியிருக்கா? சொருகியிருந்தா ஓடாது, அப்டித்தான் செஞ்சிருக்காங்க. மோட்டார் லீவர் கையால தள்ளற நிலைல இருக்கா? டெம்போல ஏத்தினவங்க, லிஃப்ட்ல தள்ளினவங்க லீவர திருப்பிப் போட மறந்திருப்பாங்க. அந்த நிலைல சேருக்கு பிரேக்கே இல்ல, சரிவுல தானா உருளும், அதனால இத மறக்காம பாருங்க. டில்ட் அதிகமா இருக்கா? ஒரு அளவுக்கு மேல சாய்ஞ்சா வண்டி ஆமை வேகத்துல போகும், இல்ல சுத்தமா நிக்கும், கவுந்துடக் கூடாதுன்னு வெச்ச பூட்டு அது, முதுகையும் சீட்டையும் இறக்கினா ஓடும்.

இது எதுவும் இல்லன்னா ஜாய்ஸ்டிக் பெட்டில லைட் எத்தனை மின்னுதுன்னு எண்ணுங்க. நிறைய சேர்ல வர்ற விஆர்2 கன்ட்ரோலர்ல 1 லைட்னா பேட்டரி, 2 இடது மோட்டார் கனெக்‌ஷன், 4 வலது மோட்டார் கனெக்‌ஷன், 6 சார்ஜர் சொருகியிருக்கு, 7 ஜாய்ஸ்டிக், 9 பிரேக் கனெக்‌ஷன். 7 வந்தா ஆஃப் பண்ணிட்டு, ஜாய்ஸ்டிக்க யாரும் தொடாம நடுவுல விட்டுட்டு திரும்ப ஆன் பண்ணுங்க. ஆன் பண்ணும்போதே கை அதுமேல இருந்தாலும் கோளாறு காட்டும், என்னை மாதிரி விரல் சரியா பிரியாதவங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். லைட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிகிட்டே இருந்தா லாக் ஆயிருக்கு, வீட்டுக்கு வந்த வாண்டுங்க யாராவது பட்டன அமுக்கிப் பிடிச்சு ஜாய்ஸ்டிக்க முன்ன பின்ன ஆட்டியிருக்கும். ஜாய்ஸ்டிக்க முன்னாடி தள்ளி பீப் வர்ற வரைக்கும் புடிங்க, அப்புறம் பின்னாடி இழுத்து பீப் வர்ற வரைக்கும், விட்டுடுங்க, நீளமா ஒரு பீப் வரும், திறந்துடும். வேற கன்ட்ரோலர்னா நம்பர் வேற, மேனுவல்ல அந்த ஒரு பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க.

ஒரு பக்கமா இழுக்குது

ரெண்டு டயர்லயும் காத்து சமமா இருக்கான்னு பாருங்க, எவ்ளோன்னு டயர் ஓரத்துலயே பிஎஸ்ஐ போட்டிருக்கும். பெட்ரோல் பங்க்ல அடிக்கறதா இருந்தா கேஜ் வெச்சு கொஞ்சம் கொஞ்சமா, சின்ன டயர் டக்குனு நிறைஞ்சிடும். முன் சக்கரத்துல முடி, நூல் சுத்தியிருந்தாலும் இழுக்கும், எங்க வீட்ல மாசம் ஒரு தடவை கத்திரிக்கோல் வெச்சு எடுப்போம். நம்ம ரோடு ரெண்டு ஓரமும் சரிவு, ஓரமா ஓட்டினா எந்த சேரும் கீழ்ப்பக்கம் இறங்கத்தான் பார்க்கும், அது கோளாறு இல்ல. புடவை முந்தானை, துப்பட்டா ரெண்டையும் மடில முடிச்சு போட்டு வைங்க, சக்கரத்துல மாட்டினா இழுக்கறது சேர் இல்ல, உங்க கழுத்து.

சாயங்காலத்துக்குள்ள சார்ஜ் தீந்துடுது

பெரும்பாலான சேர்ல 12 வோல்ட் பேட்டரி ரெண்டு, சேர்த்து 24. ஜெல், இல்லன்னா ஏஜிஎம் வகை, ரெண்டுமே மூடின லெட் பேட்டரிதான். கார் பேட்டரி மலிவா இருக்குன்னு யாராவது மாட்டித் தர்றேன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, அது ஒரு செகண்ட் ஸ்டார்ட் பண்றதுக்கு செஞ்சது, நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கிறதுக்கு இல்ல, சில மாசத்துல போயிடும்.

ராத்திரி முழுக்க, 8லேர்ந்து 10 மணி நேரம் சார்ஜ் போடணும், டெய்லி போடணும். பாதி இருக்கே நாளைக்கு போட்டுக்கலாம்னு விடறதுதான் லெட் பேட்டரிய கொல்லுது. சார்ஜ் முடிஞ்சு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு மல்டிமீட்டர் வெச்சு ஒவ்வொண்ணையும் தனியா பாருங்க, 12.7க்கு மேல இருந்தா நல்லது, 12 கிட்ட வந்துட்டா கிட்டத்தட்ட காலி. ஒண்ணு 12.8, இன்னொண்ணு 12.3ன்னு வித்தியாசம் தெரிஞ்சா ரெண்டையும் சேர்த்து மாத்துங்க, ஒண்ண மட்டும் மாத்தினா பழசு புதுச இழுத்துட்டு போயிடும். மீட்டர் ரிச்சி ஸ்ட்ரீட்ல சல்லிசா கிடைக்கும்.

கம்பெனிக்காரங்க சொல்ற ஆயுசு 20, 25 டிகிரி வெயில் கணக்கு. லெட் பேட்டரிக்கு 10 டிகிரி ஏறினா ஆயுசு கிட்டத்தட்ட பாதியா குறையும்னு கணக்கு சொல்வாங்க, நம்ம ஊர் கத்திரி வெயில யோசிச்சுக்கோங்க. மொட்டை மாடி ஷீட்டுக்கு அடிலயோ, கார் பார்க்கிங்ல வெயில் படற எடத்துலயோ விட்டு சார்ஜ் போடாதீங்க. எனக்கு முதல் ஜோடி ஒண்ணே முக்கால் வருஷம்தான் வந்துச்சு, வீட்டுக்குள்ள ஃபேன் காத்துல சார்ஜ் போட ஆரம்பிச்சதும் அடுத்த ஜோடி ரெண்டே முக்கால்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ எங்க தெருவுல கரண்ட் இல்லாம போச்சு. அப்போ கத்துக்கிட்டது, சேர ஓட்டறதுக்குத்தான் சார்ஜ் போகுது, டில்ட்டுக்கு ரொம்ப கொஞ்சம்தான். அதனால ஒரே எடத்துல நிறுத்திட்டு டில்ட்டுக்கு மட்டும் யூஸ் பண்ணேன், தாங்குச்சு. புயல் எச்சரிக்கை வந்ததுமே ஃபுல் சார்ஜ் பண்ணிடுங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல சார்ஜர் போடலாம், ஆனா சைன் வேவ் இன்வெர்ட்டரா இருக்கணும், ஸ்கொயர் வேவ்ல போட்டா சில சார்ஜர் உறுமி சூடாகும்.

தண்ணி நின்னா ஓட்டவே ஓட்டாதீங்க, மோட்டாரும் பிரேக்கும் தரைக்கு எவ்ளோ கிட்ட இருக்குன்னு குனிஞ்சு பார்த்தா தெரியும். தூறலுக்கு ஜாய்ஸ்டிக் மேல ஒரு பிளாஸ்டிக் கவர் ரப்பர் பேண்ட் போட்டா போதும். மெரினால 2022 நவம்பர்ல நம்மள மாதிரி வீல்சேர்காரங்களுக்காக மரப்பாதை திறந்தாங்க இல்ல, அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல சேதமாகி அப்புறம் சரி பண்ணாங்க, அதுல போய் அலைய கிட்டத்துல பார்த்த அன்னிக்கு நான் அழுதுட்டேன். போங்க, கண்டிப்பா போங்க, ஆனா வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணில ஒரு தடவை, காய்ஞ்ச துணில ஒரு தடவை துடைச்சிடுங்க, உப்புக் காத்து கனெக்டர் பின்ன பச்சை பூக்க வெச்சுடும்.

சேர் நல்லாருக்கு, வீட்டுக்குள்ள திரும்ப மாட்டேங்குது

இது வாங்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது. டில்ட் இருக்கிற சேர் அகலம் 24லேர்ந்து 26 இஞ்ச் வரும், நம்ம ஃபிளாட்ல பாத்ரூம் கதவு நிறைய இடத்துல ரெண்டரை அடிக்கும் கீழ. கதவத் திறந்து வெச்சு, கதவுப் பலகை அடைக்கிற இடத்தயும் கழிச்சு அளங்க. லிஃப்ட்ல ஃபுட்ரெஸ்ட் நீளமும் சேரும். சாயும்போது பின்னாடி தலை போக இடம் வேணும், முட்டி மேல ஏறும், டேபிளுக்கு அடில இருந்துகிட்டே டில்ட் போட்டா தொடை மாட்டிக்கும், உணர்வு இல்லன்னா தெரியவும் தெரியாது.

நடுவுல மோட்டார் சக்கரம் இருக்கிற சேர் நின்ன இடத்துலயே சுத்தும், ஃபிளாட்டுக்கு அதான் வசதி, ஆனா ரோட்ல பள்ளத்துல முன்னாடி பின்னாடி சின்ன சக்கரம் ரெண்டும் மேட்டுல நின்னா நடுச் சக்கரம் அந்தரத்துல சுத்தும். பின்னாடி மோட்டார் சக்கரம் வெளிய நல்லா ஓடும், உள்ள திரும்ப இடம் நிறைய கேக்கும். நான் நடுச் சக்கரம் வாங்கினேன், நாள்ல 20 மணி நேரம் வீட்டுக்குள்ளதானே இருக்கேன்னு. வெளிய பழகறதுக்கு பாண்டி பஜார் நடைபாதைக்கு காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடி போவேன். வாசல்ல ஒரு அடி உயரம்னா 12 அடி நீளத்துக்கு ராம்ப் வேணும். எடம் இல்லன்னு செங்குத்தா போடாதீங்க, 150 கிலோ சேர் உங்களோட சேர்த்து பின்னாடி மல்லாந்துடும், ராம்ப் மேல நிக்கும்போது டில்ட் பட்டன தொடவே கூடாது.

ஆன்லைன்ல வர்ற 25 கிலோ மடக்கற சேர்ல முதுகு சாயலாம், ஆனா டில்ட் இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்காது. வாங்கறதுக்கு முன்னாடி கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனையோ, முட்டுக்காட்டுல இருக்கிற என்ஐஇபிஎம்டியோ (மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம்) போய் இடுப்பு அகலம், தொடை நீளம் அளந்து எழுதி வாங்கிக்கோங்க. அந்தச் சீட்டோட கடைக்குப் போனா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

டில்ட் பாதில நின்னுடுச்சு, மேலயும் போகல கீழயும் வரல

ஒரு பொங்கலுக்கு சொந்தக்காரங்க நிறைய பேர் வந்தாங்க, ஒவ்வொருத்தரும் "எங்க, சாய்ஞ்சு காட்டு"ன்னாங்க, நானும் மேல கீழ மேல கீழன்னு பத்து தடவை காட்டினேன், 40 டிகிரில நின்னுடுச்சு. பட்டன் அமுக்கினா டிக்னு ஒரு சத்தம், அவ்ளோதான். டில்ட்ட தூக்கற ஆக்சுவேட்டர் மோட்டார் தொடர்ந்து ஓடறதுக்கு செஞ்சது இல்ல, ஓடற நேரத்த விட பல மடங்கு ரெஸ்ட் வேணும், சூடானா உள்ள இருக்கிற கட்-ஆஃப் நிறுத்திடும். ஆஃப் பண்ணிட்டு 20 நிமிஷம் விட்டா தானா சரியாகும், எனக்கு அப்டித்தான் சரியாச்சு. அந்த 20 நிமிஷம் மட்டும் மறக்க முடியாது.

ஆறினதுக்கு அப்புறமும் வரலன்னா டார்ச் அடிச்சு சீட்டுக்கு அடில பாருங்க, பெட்ஷீட், துண்டு, தண்ணி பாட்டில் ஏதாவது மாட்டியிருக்கும், இல்ல சாயும்போது ஒயர் நசுங்கி கனெக்டர் கழண்டிருக்கும். கைய விடறதுக்கு முன்னாடி பவர ஆஃப் பண்ணுங்க. மோட்டார் சத்தம் வருது ஆனா சீட் அசையலன்னா உள்ள பல்சக்கரமோ பின்னோ போயிருக்கு, அது டெக்னீஷியன் வேலை. சத்தமே இல்லன்னா ஃபியூஸ், ஒயர், பேட்டரி கம்மி. பேட்டரி ரொம்ப இறங்கினாலும் டில்ட் நிக்கும்.

பெரும்பாலான சேர்ல கையால டில்ட்ட இறக்க வழி கிடையாது, வாங்கும்போதே இத கேளுங்க. அப்போ ஆள சேர்லேர்ந்து எடுத்துத்தான் ஆகணும், 40 டிகிரில சாய்ஞ்சிருக்கிற ஆள ஒரு அம்மாவால தூக்க முடியாது. எதிர்வீட்டு அண்ணா, மேல்மாடி தம்பி, வாட்ச்மேன் அண்ணா, இவங்க மூணு பேருக்கும் ஒரு சாதாரண நாள்லயே சேர்ல என்னை சாய்ச்சு வெச்சு எடுக்கப் பழக்கி வெச்சிருக்கேன். அக்குளுக்கு அடில ஒருத்தர், தொடைக்கு அடில ரெண்டு பக்கமும் ரெண்டு பேர், அதுக்கு முன்னாடி பெல்ட், தலை தாங்கி, ட்யூப் மூணையும் அம்மா விடுவிச்சிடணும். அவங்க போன் நம்பர், சேரோட மாடல், சீரியல் நம்பர் எல்லாம் ஒரு அட்டைல எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு.